மூன்று விரல் அகலம்

வாய் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க அவரவர் விரலே போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, நெட்டுக்குத்தாக மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் விட வேண்டும். மூன்றும் போனால் கவலையில்லை. இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்நேரம் விரலை வாயில் வைத்துப் பார்த்திருப்பீர்கள். எனக்கு ஒன்றரை விரல்தான் போகும். அதற்குக் காரணம் நானேதான்.

பெங்களூரு அடுகோடியில் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். வீடு சந்தாபுராவில். கணவர் அத்திபெலேயில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறார். கல்யாணமாகி வேலூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தபோது பொழுதுபோகாமல் ஆரம்பித்த தையல், இப்போது முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமில்லாத அளவுக்கு ஓடுகிறது. பெங்களூருப் பெண்கள் எட்டாயிரம் ரூபாய்ப் புடவைக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு வேலைப்பாடு கேட்பார்கள். கேட்டுவிட்டு, நாளை மறுநாள் வேண்டும் என்பார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும். ஆனால் வாடிக்கையாளர் முன்னால் காட்ட முடியாது. வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை. அப்படித்தான் பாக்கு வந்தது.

முதலில் இனிப்புப் பாக்கு. கல்யாண வீட்டில் கொடுக்கிற மாதிரிக் கலர் கலராக, வாசனையாக. மத்தியானம் சோறு சாப்பிட்டால் தையல் மெஷின் மேலேயே தூக்கம் வரும். பாக்கு போட்டால் தூக்கமும் வராது, பசியும் தெரியாது. பிறகு பாக்கெட் மசாலாப் பாக்கு. எதிர்ப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும். புகையிலை சேர்த்ததைத் தொடவே மாட்டேன். பாக்கெட்டைத் திருப்பி, புகையிலை இல்லை என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிழிப்பேன். யாராவது கேட்டால், 'வெறும் பாக்குதானே' என்பேன். பாக்கு சாமிக்கு வைக்கிற பொருள். கல்யாணம் பேசி முடித்தால் தட்டில் வைத்து மாற்றிக்கொள்கிற பொருள். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று கொடுக்கிற பொருள். அதில் என்ன கெடுதல் இருந்துவிடப் போகிறது என்பதுதான் என் கணக்கு. மாடிப்படி மூலையில் சிவப்பாகத் துப்பி வைக்கிற ஆண்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் துப்ப மாட்டேன், விழுங்கிவிடுவேன். அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன்.

முதலில் காரம் எரிந்தது. ரசம் குடித்தால் கன்னத்தின் உள்ளே தீப்பற்றியது போல இருக்கும். மிளகாயைக் குறைத்தேன். பிறகு பானிபூரி வாய்க்குள் நுழையவில்லை. பூரியைப் பெரிதாகப் போட்டிருக்கிறான் என்று வண்டிக்காரனோடு சண்டை பிடித்தேன். கொட்டாவி வந்தால் தாடை வலித்தது. பல் தேய்க்கிற பிரஷ் கடைவாய்க்குப் போகவில்லை. குழந்தைகள் பிரஷ் வாங்கிக்கொண்டேன். இட்லியை விண்டு விண்டு சாப்பிட்டதைப் பார்த்து, அம்மா இப்போதெல்லாம் ரொம்ப ஸ்டைலாகச் சாப்பிடுகிறாள் என்று மகள் கிண்டல் செய்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதுகூட எவ்வளவு திறக்கலாம் என்று அதற்குள் பழகியிருந்தது.

ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் போய்க் காட்டினேன். வீட்டில் சொல்லவில்லை. வரிசையாக நாற்காலிகள் போட்ட பெரிய கூடம். ஒவ்வொரு நாற்காலியிலும் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். கன்னடத்துப் பெண், நான் தமிழ் என்று தெரிந்ததும் தமிழில் பேசினாள்.

"வாய் திறங்க ஆன்ட்டி. இன்னும். இன்னும். அஷ்டேனா?"

அவ்வளவுதான் என்று தலையாட்டினேன். கையுறை போட்ட விரலால் கன்னத்தின் உள்ளே தடவிப் பார்த்தாள். வெளுத்துப்போய், கயிறு மாதிரிப் பட்டை பட்டையாக இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற இன்னொரு டாக்டருக்கும் தொட்டுக் காட்டினாள். பிறகு சத்தமாகவே கேட்டாள்.

"குட்கா போடறீங்களா ஆன்ட்டி?"

பக்கத்து நாற்காலிக்காரர் திறந்த வாயோடு என் பக்கம் திரும்பினார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. பட்டுப்புடவைக்காரிகளுக்கு அளவெடுக்கிற கை, கஞ்சி போட்ட காட்டன் புடவை, நெற்றியில் பொட்டு. என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி?

"சேச்சே. வெறும் பாக்குதான்மா. புகையிலையே கிடையாது."

"அதுதான் ஆன்ட்டி. புகையிலைக்குத் தனி வியாதி இருக்கு. இதுக்கு அடிகே மட்டும் போதும்."

அடிகே என்றால் கன்னடத்தில் பாக்கு. அதன் பிறகு அவள் சொன்னதை நான் பாதி காதில்தான் வாங்கினேன். ஆனாலும் அன்று கேட்டது ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை, ஆச்சரியம்தான்.

நம் உடம்பு செல்களால் ஆனது என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு நாம் நிறுத்திக்கொண்டோம். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. நடுவில் ஒரு வலை இருக்கிறதாம். மேட்ரிக்ஸ் என்றாள். செல்களே செய்து தங்களைச் சுற்றிப் பின்னிக்கொள்கிற வலை. கொலாஜன் என்கிற நார், அதற்கிடையில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிற கூழ். தோலைக் கிள்ளி இழுத்து விட்டால் பழைய இடத்துக்குப் போவதும், கத்தி பட்ட காயம் மூடிக்கொள்வதும், எலும்பு எலும்பாக நிற்பதும் அந்த வலையால்தான். அது ஒருமுறை பின்னி முடித்துவிடுகிற காரியமும் இல்லை. பழைய நாரை அறுத்துப் போட்டுக்கொண்டும் புதியதைப் போட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். உடம்பு நன்றாக இருப்பது என்றால் இந்த இரண்டும் சமமாக நடப்பது. போடுவது கூடி அறுப்பது குறைந்தால் அந்த இடம் இறுகிவிடும். ஈரலில் இறுகினால் ஈரல் வியாதி, நுரையீரலில் இறுகினால் மூச்சு வியாதி. எனக்குக் கன்னத்தில். பாக்கின் சாறு செல்லைத் தூண்டி நாரைப் போடச் சொல்கிறது, அறுக்கிற வேலையைக் கெடுக்கிறது. பாக்கில் இருக்கிற செம்பு, போட்ட நாரை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்ட உதவுகிறது.

காலர் விறைப்பாக நிற்க உள்ளே பக்ரம் துணி வைத்துத் தைப்போம். ஒன்று வைத்தால் அழகு. ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனால் போட்டவர் கழுத்தைத் திருப்ப முடியாது. இத்தனை வருஷம் என் கன்னத்துக்குள் நானே பக்ரம் வைத்துத் தைத்திருக்கிறேன் என்று புரிந்தது.

"பிரிக்க முடியுமாம்மா?" என்று கேட்டேன்.

"போட்டது போகாது ஆன்ட்டி. இன்னைக்கே நிறுத்தினா மேல சேர்றது குறையும். ஊசி போட்டுக் கொஞ்சம் இளக்கலாம், எக்சர்சைஸ் பண்ணிக் கொஞ்சம் திறக்கலாம். சில பேருக்கு கேன்சரா மாறும். அதனால விடாம வந்து காட்டணும்."

சின்னத் துண்டு சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புற்று இல்லை என்று வந்தது. கேட்டதும் முதல் வேலையாக நான் செய்தது, அந்தக் கல்லூரிப் பக்கமே போகாமல் இருந்தது. பாக்கை நிறுத்தவும் இல்லை, குறைத்தேன். தையல் நூல் சுற்றுகிற பாபின் டப்பாவுக்குள் பாக்கெட்டை மறைத்து வைக்கிற அளவுக்குத்தான் என் புத்தி போயிற்று.

இந்தச் சமயத்தில்தான் மகள் தன் கல்யாணப் பேச்சை எடுத்தாள். எலக்ட்ரானிக் சிட்டியில் அவளோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கிற பையன். கன்டோன்மென்ட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். அவன் தாத்தா காலத்திலேயே பௌத்தத்துக்கு வந்தவர்கள். அப்பா இல்லை. அம்மா ஒரு ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல் வேலை பார்த்து அவனைப் படிக்க வைத்தவர். என்ன சாதி என்று நாங்கள் கேட்க வேண்டியதே இல்லை, எங்கள் ஊர் ஆட்களுக்குக் கேட்காமலே தெரியும். என் நாத்தனார் ஊரிலிருந்து போன் போட்டுக் கணவரிடம் அழுதார். நான்தான் போனை வாங்கி, இந்தக் காலத்தில் சாதி என்ன சாதி, பையன் தங்கம் என்று பேசி வாயை அடைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம், நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை என்று தேவையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிச்சயதார்த்தம் எங்கள் அடுக்கு மாடி வீட்டின் கீழ்த்தளக் கூடத்தில் நடந்தது. அவர்கள் பதினைந்து பேர் போல வந்தார்கள். தட்டு மாற்றினோம். வெற்றிலைக்கு மேல் கொட்டைப்பாக்கு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு நாக்கில் ஊறியது, அந்த வெட்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். தட்டு மாற்றியதும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிக்கொள்வது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். நான் அதை மறந்தே போயிருந்தேன். சம்பந்தி அம்மா தன் கையால் பிடித்துக் கொண்டுவந்த லட்டு, எலுமிச்சம்பழம் பெரிதில் இருந்தது. ஒன்றை எடுத்துக்கொண்டு சிரித்த முகமாக என் வாய்க்கு நேரே கொண்டுவந்தார்.

"ஆ சொல்லுங்க சம்பந்திம்மா."

போட்டோக்காரர் குனிந்து தயாராக இருந்தார். எல்லோர் கண்ணும் என் வாய் மேல். அந்த லட்டில் கால்வாசிகூட நுழையாது. முயன்றால் பல்லில் இடித்து உதிரும், தாடை வலியில் முகம் கோணும். கூடம் முழுக்கப் பார்க்கும். யாராவது, ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்பார்கள். அப்புறம் பாக்கு, அப்புறம் அந்தக் குட்கா என்ற வார்த்தை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். லட்டைக் கையால் தடுத்து வாங்கி, பக்கத்திலிருந்த தட்டில் வைத்துவிட்டேன்.

"அப்புறமா சாப்பிடறேன்."

சம்பந்தி அம்மாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. பிறகு அந்தக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். அவர்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனது. என்ன நினைத்துவிட்டார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவர்கள் கை பட்டதை நான் வாயில் வாங்கமாட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். அந்த நொடியில் எனக்கு வந்தது பதற்றம் இல்லை. அதை எழுதத்தான் இத்தனை பக்கம் தயங்கித் தயங்கி வந்திருக்கிறேன். எனக்கு வந்தது நிம்மதி. நல்லவேளை, வாய் திறக்காதது யாருக்கும் தெரியவில்லை என்ற நிம்மதி.

எல்லோரும் எழுந்ததும் நாத்தனார் வந்து என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"நல்லா பண்ணீங்க அண்ணி. கல்யாணத்த நிறுத்த முடியல, சரி. ஆனா யாரு யாருன்னு காட்டிட்டீங்க."

எட்டு மாதமாக என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர், அன்றுதான் அண்ணி என்று வாய் நிறையக் கூப்பிட்டார். இல்லை, அப்படி இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கையை உதறவாவது செய்திருக்கலாம். பந்திக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

அவர்களில் பாதிப் பேர் சாப்பிடாமல் கிளம்பினார்கள். மகள் அவர்களோடே போய், சாயங்காலம் திரும்பி வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"ஏம்மா சாப்பிடல?"

"சுகர் இருக்கும்போல இருக்குடி. இனிப்பு வேணாம்னு பார்த்தேன்."

"போன மாசம் உன் ரிப்போர்ட் நான்தான் வாங்கிட்டு வந்தேன். சுகரே இல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மகளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிறகும், பாக்குப் போட்டு வாயைக் கெடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் வாயில் வரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அத்தை சொல்றது நெஜமா? அவங்கம்மா கார்ல வர்றப்ப ஒரு வார்த்தை பேசல. வீட்டுக்குப் போனதும், 'கழுவிட்டுதான்டா புடிச்சேன்'னு அவன்கிட்ட சொல்லி அழுதாங்க. உனக்குப் புடிக்கலன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். இனிமே யாரும் வர வேணாம். நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் பண்ணிக்கறோம்."

கழுவிவிட்டுத்தான் பிடித்தேன் என்ற அந்த ஒரு வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை, சாப்பிடவிடவில்லை. கடையில் உட்கார்ந்தால் மெஷின் ஓடியது, நான் எங்கோ இருந்தேன். லட்டு பிடிக்கிற பெண்ணை, தன் கை சுத்தம்தான் என்று சொந்த மகனிடம் சாட்சி சொல்ல வைத்திருக்கிறேன். எதற்காக? நாலு பேர் முன்னால் என் நாகரிகம் கெடக்கூடாது என்பதற்காக. சாதி பார்க்கிறவள் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, பாக்கு போடுகிறவள் என்று பெயர் வாங்கக்கூடாது. அந்த நொடியில் எனக்கு எது லேசாகத் தோன்றியது என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. சாதி பார்ப்பதில்லை என்று ஊருக்கே சொன்னவளுக்கு, சாதிப் பழி தாங்கக்கூடியதாகத்தான் இருந்திருக்கிறது. அது வலித்தது அவர்களுக்குத்தானே, எனக்கு இல்லையே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குறுகலான தெரு, சுத்தமான சின்ன வீடு. முன்னறையில் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. சம்பந்தி அம்மா மட்டும்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனாலும் வாங்க என்றார். மின்விசிறியைப் போட்டார். உள்ளே போனவர் பின்வாசல் வழியாக வெளியே போய்வந்த சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். மூடியின் சீல் உடைக்காமல் இருந்தது. பக்கத்தில் டம்ளர் இல்லை.

"குடிங்க. இப்பத்தான் வாங்கியாந்தது."

அவர் குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே எனக்குச் சங்கடம் வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்திருந்தார். அது குத்தலாக இருந்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும்.

"உங்க வீட்டுக் கொடத்துத் தண்ணி குடுங்க சம்பந்திம்மா," என்றேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். "நான் அன்னைக்கு மொகத்தைத் திருப்பினது உங்க கைக்கு இல்ல. எனக்கு வாய் திறக்காது."

அவர் புரியாமல் பார்த்தார். நான் திறந்து காட்டினேன். சும்மா பேசும்போது தெரியாது. முழுக்கத் திறக்க முயன்றால்தான் என் வாய் எவ்வளவு சின்னது என்று தெரியும். தாடை இழுத்தது.

"இவ்ளோதான் வரும். உங்க விரலை விட்டுப் பாருங்க."

"என் விரலையா?"

"ஆமா."

அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். அவர் கழுவியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். ஆள்காட்டி விரலை மெதுவாகப் பல்லுக்கிடையில் வைத்தார். இரண்டாவது விரலைச் சேர்த்தார், அது பாதியில் நின்றது. விரலை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். பாக்கு, பாபின் டப்பா, கன்னத்துக்குள் இறுகிப்போன நார், கேன்சராகலாம் என்று டாக்டர் சொன்னது, நான் திரும்பப் போகாதது எல்லாவற்றையும் சொன்னேன். நாத்தனார் கையைப் பிடித்துச் சொன்னதையும் மறைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

"திறந்தா வலிக்கும்."

"அன்னிக்கே என் காதாண்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. லட்ட ஒடச்சி ஒரு பொட்டு வெச்சிட்டுப் போயிருப்பேன். யாருக்கு இன்னா தெரியப் போவுது?"

"அசிங்கமா இருந்துச்சும்மா எனக்கு."

"எங்களுக்கு?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எழுந்து போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். குடித்தேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வாசல் வரை வந்து, டாக்டரிடம் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்து மகளிடமும் கணவரிடமும் சொன்னேன். கணவர் ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மகள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். அழுதாள். பிறகு, "அத்தை நெனைச்ச மாதிரி நெனைக்கட்டும்னு விட்டியேம்மா," என்றாள். வாயைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. அவள் நினைத்ததுதான் சரி.

பாபின் டப்பாவில் இப்போது பாபின் மட்டும்தான் இருக்கிறது. கல்லூரிக்கு மகளே கூட்டிக்கொண்டு போனாள். அந்தச் சின்ன டாக்டர், ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று என்னைக் கோபித்துக்கொண்டாள், எனக்கு அது வேண்டியதுதான். கன்னத்துக்குள் ஊசி போடுகிறார்கள். நாரைச் சுற்றியிருக்கிற கூழை இளக்குகிற மருந்து ஒன்றும், எரிச்சலை அடக்குகிற மருந்து ஒன்றும். கண்ணில் தண்ணீர் வரும். வீட்டில் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பழகியதும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருக வேண்டும். கடையில் அப்படி உட்கார்ந்திருக்கும்போது வந்த ஒரு வாடிக்கைக்காரி, என்னக்கா இது புது ஸ்டைல் என்று கேட்டாள். பாக்குப் போட்டு வாய் ஒட்டிக்கொண்டது என்று சொன்னேன். சொல்லும்போது காது சூடானது. அவள் தன் கைப்பைக்குள் இருந்த ஒரு பாக்கெட்டை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, பையைச் சட்டென்று மூடினாள்.

ரிஜிஸ்டர் பேச்சை மகள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை. கல்யாணம் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. காலையில் அவர்கள் வழக்கப்படி புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி மாலை மாற்றிக்கொண்டார்கள். மத்தியான விருந்து மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. சம்பந்தி அம்மா இனிப்பை மட்டும் சமையல்காரரிடம் விடாமல், தன்னோடு கேன்டீனில் வேலை பார்த்த பெண்களைக் கூட்டி வைத்துத் தானே செய்தார் என்று மகள் சொல்லியிருந்தாள்.

பந்தியில் என் ஊர்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் எனக்குப் பக்கத்து இலை. இலையின் ஓரத்தில் இனிப்பு வைத்துக்கொண்டு போனார்கள். லட்டுதான். சுண்டைக்காய் பெரிதில் ஒரு லட்டு. நான் அடுத்த இலையைப் பார்த்தேன், எதிர் வரிசையைப் பார்த்தேன். மண்டபத்தில் வைத்த அத்தனை இலையிலும் அதே அளவுதான். கிராம்பு போட்டால் எனக்கு எரியும் என்று சம்பந்தி அம்மாவிடம் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன். விண்டு பார்த்தேன், கிராம்பு இல்லை.

எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாத்தனார் தன் இலையிலிருந்த லட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"இது இன்னா அண்ணி, சாமிக்கு வெக்கிற நைவேத்தியமா? கல்யாணத்துக்குப் போடற லட்டா இது? அவங்க கை அவ்ளோதான் நீளும் போல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பரிமாறிக்கொண்டு வந்த சம்பந்தி அம்மாவின் காதில் அது விழுந்தது. கையில் லட்டுத் தட்டு இருந்தது. அவர் நாத்தனாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அடுத்த இலைக்கு நகர்ந்தார். கஞ்சத்தனம் என்ற பெயரைத் தன் மகன் கல்யாணத்தில், இருநூறு பேர் நடுவில் வாங்கிக்கொண்டு, என் வாயைப் பற்றி வாய் திறக்காமல் போய்க்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்தால் போதும், அன்று போலவே யாருக்கும் எதுவும் தெரியாது.

"அந்த அளவு என்னோடது," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "எனக்கு வாய் திறக்காது. பாக்குப் போட்டுப் போட்டு உள்ள இறுகிப் போச்சு. அன்னைக்கு நிச்சயத்துல நான் அவங்க லட்டை வாங்காதது அதனாலதான். வேற எதனாலயும் இல்ல. இன்னைக்கு எனக்காக எல்லாருக்கும் சின்னதா புடிச்சிருக்காங்க."

சிரிப்பு நின்றது. நாத்தனார் நம்பாமல் பார்த்தார். பட்டுப்புடவையும் நகையும் போட்டுக்கொண்டு, பந்தி நடுவில், என் வாயை முடிந்த மட்டும் திறந்து அவரிடம் காட்டினேன். அவர் உள்ளே பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். எதிர் வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பு எரிந்தது. வெளியே சொன்னால் வெட்கம் போய்விடும் என்கிறார்கள், எனக்குப் போகவில்லை.

வாயை மூடுவதற்குள் பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. சம்பந்தி அம்மா திரும்பி வந்திருந்தார். குனிந்து, ஒரு லட்டை எடுத்து என் பல்லுக்கிடையில் வைத்தார். அது இடிக்காமல் உள்ளே போனது. எனக்கு மெல்ல நேரமாகும். அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் விழுங்கும் வரை அங்கேயே நின்றார்.